9999 கொடுத்தும் எழுத்து ஏன் மேலே வரவில்லை?

ஒகேனக்கல்லில் அறை வாடகைக்கு விடுபவருக்கு ஒரு இணையதளம் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் அருவி, பரிசல், மீன் வறுவல் என்று படங்கள் ஓடும் ஸ்லைடர், அதன் மேல் ‘தர்மபுரியிலிருந்து 46 கி.மீ.’ என்று ஒரு வரி. அவ்வளவுதான் வேலை, ஆனால் அந்த வரிதான் படுத்தும்.

முதல் படி எளிது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், ஸ்லைடரைச் சுற்றியுள்ள பெட்டிக்கு பொசிஷன் ரிலேட்டிவ் (position: relative), அந்தப் பெட்டியை வைத்து இடம் பிடிக்க எழுத்துக்கு அப்சல்யூட் (absolute). பெட்டிக்குப் போட மறந்தால் எழுத்து அதை விட்டுவிட்டுப் பக்கத்தையே அளவுகோலாக எடுத்துக்கொண்டு எங்கேயோ போய் உட்கார்ந்துவிடும்.

சரி, இடம் கிடைத்துவிட்டது, ஆனால் எழுத்து படத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. உடனே எல்லாரும் எது மேலே, எது கீழே என்று சொல்லும் எண்ணான இசட்-இண்டெக்ஸை (z-index) 9999 ஆக்குவார்கள். பல நேரம் பலிக்காது, ஏனென்றால் அந்த எண் தன் அடுக்குக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ஒரு பெட்டிக்கு அதை நகர்த்தும், சுழற்றும் டிரான்ஸ்ஃபார்ம் கொடுத்தாலோ, அதன் ஒளிபுகாமையான ஒபாசிட்டி 1-க்குக் கீழே போனாலோ அது தனி அடுக்காகிவிடும், எழுத்து மெல்ல எழும்பி வரட்டும் என்று நாம் அதன் உறைக்கு (எழுத்தைச் சுற்றிய பெட்டிக்கு) போடுவதும் இவற்றைத்தானே! கிருஷ்ணகிரி மாம்பழ மண்டியில் அடியில் இருக்கும் கிரேட்டில் ஒரு பழத்தை எவ்வளவு உச்சியில் வைத்தாலும் அது மேல் கிரேட்டுக்குக் கீழேதான். பக்கத்தில் உள்ள ஸ்லைடின் எண் 10, எழுத்தின் உறைக்கு எண்ணே இல்லை என்றால், உறைக்குள் இருக்கும் 9999 வீண். எண்ணை உறைக்குக் கொடுங்கள், கூடவே பொசிஷன் ரிலேட்டிவும், இல்லாவிட்டால் சாதாரணப் பெட்டி அந்த எண்ணைக் கண்டுகொள்ளாது.

அப்புறம் நிறம். பரிசல் படத்தில் பளிச்சென்று தெரியும் வெள்ளை எழுத்து அருவி நுரை வந்ததும் காணாமல் போகும். சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்கிறது, எல்லாரும் படிக்கக்கூடிய தளங்களுக்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி (WCAG). படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு கறுப்புப் படலம் போட்டால் போதும், ஆனால் எவ்வளவு? நுரை சுத்த வெள்ளையாகவே இருந்தாலும் 60 சதவீதக் கறுப்பில் விகிதம் 5.7-ஐத் தொடும், 50-இல் 4-ஐ ஒட்டி நின்றுவிடும். முழுப் படத்தையும் கறுப்படித்து அருவியைக் கொல்ல வேண்டாம், கீழிருந்து மேலே மங்கும் லீனியர் கிரேடியன்ட் போதும், எழுத்து நிற்கும் உயரம் வரை மட்டும் அந்த 60 குறையக் கூடாது.

இவ்வளவும் சரியானதும் அம்புக்குறியை அழுத்தினால் ஸ்லைடு நகராது. எழுத்தின் பெட்டி கண்ணுக்குத் தெரியாமல் அம்பின் மேல் படுத்திருக்கும். அந்தப் பெட்டிக்கு பாயின்டர்-ஈவென்ட்ஸ் நன் (pointer-events: none) கொடுத்தால் அழுத்தல் அதைத் தாண்டி அம்புக்குப் போகும், உள்ளே ‘அறை பதிவு’ பொத்தான் இருந்தால் அதற்கு மட்டும் ஆட்டோ.