நினைவு போடும் தப்புக் கணக்கு

2019 ஆகஸ்ட் மாதம், 38 வயதில், வயலின் வகுப்பில் சேர்ந்தேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே இருந்த ஆசை அது. 50 வயதுக்குள் ஒரு கீர்த்தனையைச் சுருதி விலகாமல் முழுதாக வாசித்துவிட வேண்டும் என்று ஒரு டைரியின் முதல் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தேன். ஆறு வருடம் ஓடிவிட்டது. அண்மையில் ஒரு நாள் வகுப்பில், வர்ணம் என்ற உருப்படியை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், எடுத்தபோது விரல் தடுக்கிக்கொண்டே இருந்தது. "எனக்கு இது வராது சார். ஆறு வருஷமா அதே இடத்துலதான் நிக்கறேன்" என்றேன். மனம் நொந்துதான் சொன்னேன்.

சார் பதில் எதுவும் சொல்லவில்லை. போனை எடுத்துத் தேடி, ஒரு பதிவை ஓடவிட்டார். முதலில் மின்விசிறிச் சத்தம், பின்னணியில் சுருதிப்பெட்டி. அப்புறம் மாயாமாளவகௌளை ராகத்தில் முதல் சரளி வரிசை, தொடக்கப் பாடம். ஸட்ஜம் எப்படியோ நின்றுவிடுகிறது. ரிஷபம் ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் இடத்தில் விழுகிறது; ஒரு முறை காந்தாரத்துக்கே போய்விட்டது. பஞ்சமத்தில் வில் நடுங்கிக் கீச்சிடுகிறது. எட்டு ஸ்வரம் ஏறி இறங்க முக்கால் நிமிடம்.

"யார் சார் இது?"

"நீங்கதான். சேர்ந்த மூணாவது வாரம் எடுத்தது."

எனக்கு அதில் வியப்பாக இருந்தது ஒன்றுதான். அப்படி வாசித்ததாக எனக்கு நினைவே இல்லை. என் நினைவில் இருந்த அந்த முதல் மாத வாசிப்பு கொஞ்சம் மெதுவானது, அவ்வளவுதான். சுருதி சேர்ந்துதான் இருந்தது. அது எங்கிருந்து வந்தது?

இதற்கு உளவியலில் தெளிவான ஒரு விளக்கம் இருக்கிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் ராஸ் 1989-இல் அதை முன்வைத்தார். முந்தைய நம்மை நினைத்துப் பார்க்கும்போது நாம் பழைய கோப்பு எதையும் திறப்பதில்லை, கணக்குப் போடுகிறோம் என்கிறார் அவர். பேரேட்டைத் தொலைத்துவிட்ட கடைக்காரரை எண்ணிப் பாருங்கள். வருடத் தொடக்கத்தில் கையில் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் என்ன செய்வார்? இன்றைய ரொக்க இருப்பை எண்ணுவார். இந்த வருடம் வியாபாரம் நன்றாகப் போனதா, மந்தமா என்று ஒரு அபிப்பிராயம் அவரிடம் இருக்கும். அதை வைத்து இன்றைய தொகையிலிருந்து பின்னோக்கிக் கழித்தோ கூட்டியோ ஒரு தொடக்க இருப்பைச் சொல்வார். மனமும் இதையே செய்கிறது. முதல் படி, "இன்று நான் எப்படி?" இரண்டாவது, "இந்த விஷயம் மாறக்கூடியதா, மாறாததா?" இந்த இரண்டிலிருந்தும் பழைய நிலையை வருவித்துக்கொள்கிறது. வருவித்தது என்று நமக்குத் தெரிவதில்லை. நினைவு என்றே நம்புகிறோம்.

கடைக்காரரின் அபிப்பிராயம் தவறினால் தொடக்க இருப்பும் தவறிவிடும். அது இரண்டு பக்கமும் தவறலாம்.

"இது மாறாது" என்று எண்ணிக்கொண்டால் பழைய நிலையை இன்றைய நிலைக்கு அருகே இழுத்துவிடுவோம். அமெரிக்காவில் ஒரே குடும்பங்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து விசாரித்த ஓர் ஆய்வு இதைக் காட்டியது. 1973-இல் அவர்களுடைய அரசியல் கருத்துகளைக் கேட்டுப் பதிந்தார்கள். 1982-இல் மறுபடி கேட்டார்கள், கூடவே "1973-இல் என்ன சொன்னீர்கள்?" என்றும் கேட்டார்கள். பலருக்கும் கருத்து மாறியிருந்தது. ஆனால் 1973-இல் சொன்னதாக அவர்கள் நினைவிலிருந்து கூறியது, உண்மையில் அன்று சொன்னதைவிட 1982-இல் சொன்னதற்கே நெருக்கமாக இருந்தது. கிரெகரி மார்கஸ் 1986-இல் இதை வெளியிட்டார். ஒன்பது வருட மாற்றத்தில் பெரும்பகுதி அவர்கள் கண்ணுக்கே படவில்லை.

"இது மாறியிருக்கவேண்டும்" என்று எண்ணிக்கொண்டால் நடப்பது நேர் எதிர். ராஸும் மைக்கேல் கான்வேயும் 1984-இல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகப் பிடித்தது. படிக்கும் திறனை வளர்க்கும் ஒரு வகுப்புக்கு மாணவர்கள் பெயர் கொடுத்தார்கள். குறிப்பெடுப்பது எப்படி, நேரத்தைப் பிரித்துக்கொள்வது எப்படி என்ற வகையான வகுப்பு. தொடங்கும் முன் எல்லாரும் தங்கள் திறனுக்குத் தாங்களே மதிப்பெண் போட்டார்கள். பிறகு ஒரு பகுதியினருக்கு மூன்று வாரம் வகுப்பு நடந்தது. மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில். முடிவில் எல்லாரிடமும், "முதலில் உங்களுக்கு என்ன மதிப்பெண் போட்டுக்கொண்டீர்கள், அதை அப்படியே நினைவுபடுத்திச் சொல்லுங்கள்" என்றார்கள். வகுப்புக்குப் போனவர்கள், தாங்கள் போட்டதைவிடக் குறைவாகப் போட்டதாகச் சொன்னார்கள். காத்திருந்தவர்களிடம் அப்படி ஒரு சாய்வு இல்லை. வகுப்பால் தேர்வு மதிப்பெண் கூடியதா? கூடவில்லை. ஆனால் மூன்று வாரம் செலவழித்ததால் பலன் இருந்தே ஆகவேண்டும் என்று எண்ணினார்கள். இன்றைய நிலை பெரிதாக உயராததால் பழைய நிலையைக் கீழே இறக்கிவிட்டார்கள்.

என் கதை முதல் வகை. ஓர் இடத்திலேயே நிற்கிறேன் என்ற எண்ணம் வந்ததும், ஆறு வருடத்துக்கு முன்பும் இப்படித்தான் வாசித்திருப்பேன் என்று மனம் கணக்கை முடித்துவிட்டது.

சரி, நிற்கிறேன் என்ற எண்ணம் முதலில் ஏன் வந்தது? உளவியலாளர்கள் சார்லஸ் கார்வரும் மைக்கேல் ஷையரும் 1990-இல் சொன்ன ஒரு கருத்து இங்கே உதவுகிறது. இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைவிட, அதை நோக்கி எவ்வளவு வேகமாக நகர்கிறோம் என்பதையே மனநிலை காட்டுகிறது என்றார்கள் அவர்கள். கிளாம்பாக்கத்தில் மதுரைக்கு ராத்திரி பஸ் ஏறியவர்களுக்கு இது புரியும். செங்கல்பட்டு தாண்டி வண்டி வேகம் எடுத்ததும் மனம் லேசாகிவிடும். இன்னும் சுமார் 400 கிலோமீட்டர் பாக்கி இருக்கும். விடியற்காலையில் மேலூரையும் தாண்டி, மாட்டுத்தாவணி கண்ணுக்கெட்டும் தூரத்தில் வண்டி நின்றுவிட்டால் பொறுமை போய்விடும். கடந்து வந்த 400 கிலோமீட்டர் அப்போது ஞாபகத்துக்கே வராது.

நீண்டகால இலக்குகளில் இந்தத் தடுமாற்றம் வந்தே தீரும். எந்தப் பயிற்சியிலும் முதல் சில மாதங்களில் முன்னேற்றம் மடமடவென்று வரும், பிறகு அதே அளவு உழைப்புக்குக் கிடைக்கும் பலன் குறைந்துகொண்டே போகும். சில மாதங்களில் ஸரிகம சுருதியோடு சேர்ந்துவிடலாம். ஒரு கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பது, கைக்கு வர இரண்டு வருடம் ஆகலாம். வேகம் குறையும்போது மனநிலையும் சரிகிறது. கடந்து வந்த தூரமோ கூடிக்கொண்டேதான் போகிறது.

சில சமயம் கற்றல் நின்றுவிட்டதைப் போலவே தெரியும். இதை முதலில் அளந்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் பிரையனும் நோபிள் ஹார்ட்டரும். 1890-களில் தந்திச் செய்தி அனுப்பவும் வாங்கவும் கற்றுக்கொள்பவர்களை வாராவாரம் சோதித்தார்கள். அனுப்பும் வேகம் சீராக ஏறியது. வருகிற தந்தியைக் காதால் வாங்கும் வேகமோ கொஞ்சம் ஏறியபின் வாரக்கணக்கில் அசையவில்லை, பிறகு திடீரென்று ஏறியது. தொடக்கத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்கிறார்கள், அப்புறம் சொல்லாக, அப்புறம் சொற்றொடராக. எழுத்து முழுதாகத் தன்னியல்பாகும்வரை சொல்லாகக் கேட்க வராது. அந்த இடைவெளிதான் தேக்கமாகத் தெரிகிறது என்று விளக்கினார்கள். பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லாக் கற்பவர்களிடமும் இந்தத் தேக்கத்தைக் காணவில்லை என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனால் வகுப்பில் தனித்தனி ஸ்வரமாகப் பார்த்து வாசித்தவள், ஒரு பிரயோகத்தை, அதாவது ஸ்வரக் கோவையை, ஒரே மூச்சாக எடுக்கத் தொடங்கியது எப்போது என்று யோசித்தால், அதற்கு முந்தைய சில மாதங்கள் வெறுமையாக இருந்தது எனக்கு நினைவிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விரல் பழகும்போது காதும் பழகுகிறது. இரண்டாம் வருடம் "இன்று நன்றாக வந்தது" என்று டைரியில் எழுதியிருக்கிறேன். அன்றைய பதிவை இன்று கேட்டால் தைவதம் பிசகுவது தெளிவாகத் தெரிகிறது. அன்று கேட்கவில்லை. அன்று போட்ட பத்துக்கு ஏழும் இன்று போடும் பத்துக்கு ஐந்தும் ஒரே அளவுகோலில் போட்டவை அல்ல, அளவுகோலே மாறிவிட்டது. எண்ணை மட்டும் பார்த்தால் பின்னுக்குப் போய்விட்டேன் என்று தோன்றும். ஆகவே டைரியில் "சுமார்", "பரவாயில்லை" என்று எழுதுவதால் பயன் குறைவு. அன்று செய்த வேலையே, செய்தபடியே இருக்கவேண்டும்: ஒலிப்பதிவு, எழுதிய பக்கம், ஓடிய தூரமும் நேரமும், வரைந்த படம், கட்டிய தவணையின் ரசீது.

இப்படிக் கணக்கு வைத்துக்கொள்வது இலக்கை எட்ட உதவுகிறதா? உதவுகிறது. 138 ஆய்வுகளை, அதாவது ஏறத்தாழ 20,000 பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2016-இல் வந்தது. முன்னேற்றத்தை அடிக்கடி பார்க்கச் செய்தவர்கள் இலக்கை நோக்கிக் கூடுதலாக நகர்ந்தார்கள். மனதில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் எழுதிப் பதிந்தபோதும் பிறருக்குத் தெரியப்படுத்தியபோதும் பலன் அதிகம். ஆனாலும் நாம் பார்ப்பதைத் தவிர்க்கிறோம். எடை பார்ப்பதில்லை, வங்கிக் கணக்கைத் திறப்பதில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான். பின்தங்கியிருப்போமோ என்ற பயம் அது, மிக இயல்பான பயம்.

இந்த இடத்தில் ஒரு கட்டுக்கதையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் ஊர் தன்னம்பிக்கை மேடைகளில் அடிக்கடி காதில் விழுகிறது. 1953-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 3 சதவீத மாணவர்கள் மட்டும் இலக்கை எழுதி வைத்திருந்தார்களாம். இருபது வருடம் கழித்துப் பார்த்தால் மற்ற 97 சதவீதத்தினரின் மொத்தச் சொத்தைவிட அவர்களிடம் அதிகம் இருந்ததாம். அப்படி ஓர் ஆய்வு நடக்கவே இல்லை. 1996-இல் ஒரு பத்திரிகை தேடிப் பார்த்தபோது மூலம் எதுவும் அகப்படவில்லை. எழுதி வைப்பதற்கு உண்மையான சான்று இருக்கும்போது பொய்ச் சான்று எதற்கு?

அந்த டைரியின் முதல் பக்கத்தில் வயலினுக்கு மேலே இன்னொரு வரி இருக்கிறது: "குரூப் 1 பாஸ் செய்து டெபுடி கலெக்டர்." 27 வயதில் எழுதியது. நான் இன்று செய்வது வேறு வேலை, அந்தப் பதவிமேல் ஆசையும் இல்லை. அன்று அதைத் தவிர வேறொன்றை விரும்புவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஜோர்டி குவாட்பாக், டேனியல் கில்பர்ட், திமோதி வில்சன் மூவரும் 2013-இல் "சயன்ஸ்" இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். 18 முதல் 68 வயதுவரை 19,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்தார்கள். கடந்த பத்து வருடத்தில் தங்கள் குணமும் விருப்பங்களும் நிறைய மாறியதாக எல்லா வயதினரும் சொன்னார்கள். அடுத்த பத்து வருடத்தில் அவ்வளவு மாறாது என்றும் எல்லா வயதினரும் சொன்னார்கள். இந்த வயதில் நாம் முழுதாக உருவாகிவிட்டோம் என்று ஒவ்வொரு வயதிலும் தோன்றுகிறது.

ஆகவே அந்த வரியைத் தோல்விக் கணக்கில் சேர்க்க எனக்கு மனமில்லை. எட்டமுடியாத இலக்கை விட்டுவிட்டு வேறொன்றில் மனதைச் செலுத்தத் தெரிந்தவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள் என்று கார்ஸ்டன் ராஷும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2003-இல் காட்டியிருக்கிறார்கள். அதே சமயம் அந்த 27 வயதுக்காரியை அறியாப்பிள்ளை என்று தள்ளிவிடவும் மாட்டேன். பழைய நம்மைக் கொஞ்சம் மட்டம்தட்டிவிட்டால் இன்றைய நாம் உயர்ந்து தெரிவோம். மனிதர்கள் தங்களை அறியாமலே அப்படிச் செய்கிறார்கள் என்பதை ஆன் வில்சனும் ராஸும் 2001-இல் விரிவாகக் காட்டினார்கள். அந்த வரிக்குப் பக்கத்தில் "ஏன்?" என்று ஒரு சொல்கூட நான் எழுதவில்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். எழுதியிருந்தால் அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டிருப்பேன்.

அந்தப் பதிவைக் கேட்ட அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வர்ணத்தின் இரண்டாம் காலத்தைப் போனில் பதிந்தேன். தடுக்கிய இடங்களில் நிறுத்தவில்லை, திரும்ப எடுக்கவும் இல்லை. கோப்புக்குப் பெயராகத் தேதியை மட்டும் போட்டேன். டைரியில் எழுதியது: "சரணத்தில் மூன்று இடத்தில் விரல் தடுக்குகிறது." எந்த மூன்று என்று ஸ்வரத்தோடு குறித்திருக்கிறேன். அதற்குக் கீழே, இந்த வாத்தியத்தை ஏன் எடுத்தேன் என்று அரைப் பக்கம்.