பனியில் தூங்கும் குழந்தையும் அதன் முதுகில் எரியும் அடுப்பும்

திருநெல்வேலியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மகள் ஃபின்லாந்தில் எஸ்போ நகரில் இருக்கிறாள். அக்டோபரில் பேத்தி பிறந்திருக்கிறாள். "பிள்ளையை வண்டியில் போட்டு பால்கனியில் தூங்க வைக்கச் சொல்லி அங்குள்ள நர்ஸம்மாவே சொல்கிறாராம். வெளியே மைனஸ் ஐந்து டிகிரி. வீடியோவில் பார்த்ததும் எனக்குக் கை கால் உதறிவிட்டது. 'இங்க எல்லாரும் இப்படித்தாம்மா' என்கிறாள். இது சரிதானா? அடுத்த மாதம் நான் அங்கே போகிறேன். போனதும் பிள்ளையை உள்ளே தூக்கி வந்துவிடலாமா?"

தூக்கி வரவேண்டியதில்லை அம்மா. உங்கள் மகள் சொல்வது உண்மைதான். ஃபின்லாந்து, டென்மார்க், சுவீடன், நார்வே, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளில் குழந்தையின் பகல் தூக்கம் பெரும்பாலும் வீட்டுக்கு வெளியேதான் நடக்கும். பிராம் எனப்படும் ஆழமான குழந்தை வண்டியில் படுக்கவைத்து, முற்றத்திலோ பால்கனியிலோ நிறுத்திவிடுவார்கள். கோபன்ஹேகனிலும் ரெய்க்யவிக்கிலும் காபிக் கடை வாசலில் வண்டிகள் நிற்க, அம்மாக்கள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இதே பழக்கத்தோடு 1997-இல் நியூயார்க் போன ஒரு டேனிஷ் தாய், 14 மாதக் குழந்தையை உணவகத்துக்கு வெளியே வண்டியில் விட்டதற்காகக் கைதானார். குழந்தையைச் சில நாட்கள் அவரிடமிருந்து பிரித்து வைத்தார்கள். ஆக, உங்களுக்குக் கை கால் உதறியதில் வியப்பில்லை.

உங்கள் பயத்துக்கு அறிவியல் நியாயமும் இருக்கிறது. தம்ளரில் ஊற்றிய காபி சீக்கிரம் ஆறிவிடும், பாத்திரத்தில் இருப்பது ஆறாது. உருவம் சிறுக்கச் சிறுக்க, எடைக்கு ஏற்ற அளவைவிடப் பரப்பு கூடிவிடுகிறது. சூடு பரப்பின் வழியாகத்தானே போகும்? பச்சிளம் குழந்தைக்கு ஒரு கிலோ எடைக்கு இருக்கும் தோல் பரப்பு, நமக்கு இருப்பதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். போதாததற்கு, நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு வெடவெடவென நடுங்கும். தசைகள் வேகமாகச் சுருங்கி விரிந்து சூட்டை உண்டாக்குவதுதான் அந்த நடுக்கம். பிறந்த குழந்தைக்கு அப்படி நடுங்கத் தெரியாது.

பிறகு எப்படித் தாங்குகிறது?

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பொருள் வருகிறது. குழந்தையின் பிடரியிலும், இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும், சிறுநீரகங்களைச் சுற்றியும் ஒரு தனி வகைக் கொழுப்பு இருக்கிறது. பழுப்புக் கொழுப்பு என்று பெயர். நம் வயிற்றில் சேரும் வெள்ளைக் கொழுப்பு ஒரு சேமிப்புக் கிடங்கு. அதன் ஒவ்வொரு செல்லிலும் ஒரே ஒரு பெரிய எண்ணெய்ச் சொட்டு அடைந்து கிடக்கும். பழுப்புக் கொழுப்பின் செல்லிலோ குட்டிக் குட்டியாய் ஏராளமான சொட்டுகள். பெரிய விறகுக் கட்டையைவிடச் சிராய்கள் சட்டென்று பற்றிக்கொள்வதைப் போல, தேவைப்பட்டதும் இவை வேகமாகச் செலவாகும். அந்தச் சொட்டுகளுக்கிடையே மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. அவற்றில் உள்ள இரும்புதான் இந்தக் கொழுப்புக்குப் பழுப்பு நிறத்தைத் தருகிறது.

மைட்டோகாண்ட்ரியா செல்லின் மின்நிலையம் என்று பள்ளியில் படித்திருப்போம். பலரும் அந்த வரியோடு நின்றுவிட்டோம். உண்மையில் அது மேட்டூர் அணை போன்ற ஒரு நீர்மின் நிலையம். உணவை எரித்துக் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு மைட்டோகாண்ட்ரியா முதலில் செய்வது, நேர்மின்னூட்டம் கொண்ட புரோட்டான் என்ற துகள்களைத் தன் உட்சவ்வுக்கு வெளியே தள்ளிச் சேர்த்துவைப்பது. அணைக்குப் பின்னால் நீர் ஏறுவதுபோல, சவ்வுக்கு வெளியே புரோட்டான்கள் ஏறி நிற்கும். அவை திரும்பி உள்ளே வரத் துடிக்கும், ஆனால் எல்லா இடத்திலும் வழி கிடையாது. சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதத்தின் வழியாகத்தான் வரவேண்டும். அப்படி வரும்போது அந்தப் புரதம் டர்பைன் போலவே சுழல்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே சுழல்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஏடிபி என்ற எரிபொருள் மூலக்கூறுகள் உருவாகின்றன. பிரிட்டிஷ் உயிர்வேதியியலாளர் பீட்டர் மிட்சல் 1961-இல் இந்தப் புரோட்டான் அணைக் கருத்தை முன்வைத்தபோது அவர் துறையில் பலர் ஏற்கவில்லை. 1978-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது.

இப்போது பழுப்புக் கொழுப்புக்கு வருவோம். இங்கே அணையும் இருக்கிறது, தேங்கிய நீரும் இருக்கிறது. கூடவே, டர்பைனைச் சுற்றிப் போகும் ஒரு மதகும் இருக்கிறது. யூசிபி-1 என்ற புரதம்தான் அந்த மதகு. தெர்மோஜெனின் என்றும் அதற்குப் பெயர் உண்டு. மதகு திறந்தால் புரோட்டான்கள் டர்பைனைத் தொடாமல் உள்ளே கொட்டுகின்றன. ஏடிபி உருவாகாது. ஆனால் ஆற்றல் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? அது முழுவதும் வெப்பமாக மாறிவிடுகிறது. வேறெந்த இயந்திரத்தில் இது நடந்தாலும் நாம் வீண் செலவு என்போம். குழந்தையின் உடம்பில் இந்த வீண் செலவுதான் நோக்கமே!

மதகைத் திறப்பது யார்? தோலில் குளிரை உணரும் நரம்பு முனைகள் மூளையில் உடல் சூட்டைக் கவனிக்கும் பகுதியான ஹைப்போதலாமஸுக்குச் சேதி சொல்கின்றன. அங்கிருந்து புறப்படும் நரம்புகள் நேராகப் பழுப்புக் கொழுப்புக்குள் இறங்கி நார்-அட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. உடனே எண்ணெய்ச் சொட்டுகள் உடைந்து கொழுப்பு அமிலங்களாகின்றன. அந்தக் கொழுப்பு அமிலமே அடுப்புக்கு விறகு, அதுவே மதகைத் திறக்கும் சாவி. விறகு வந்து சேர்ந்தால்தான் கதவு திறக்கும் என்ற இந்த ஏற்பாட்டை நான் எத்தனை முறை படித்தாலும் சலிப்பதில்லை. இந்தக் கொழுப்புக்குள் ரத்தக் குழாய்கள் அடர்த்தியாக ஓடுகின்றன. சூடான ரத்தம் அங்கிருந்து இதயத்துக்குத் திரும்பி உடம்பு முழுக்கப் போகிறது. குளிரில் வைக்கப்பட்ட பச்சிளம் குழந்தைக்கு மற்ற இடங்களில் தோல் குளிர்ந்தாலும் பிடரி மட்டும் சூடாகவே இருப்பதை 1964-இல் மருத்துவர்கள் அளந்து எழுதினார்கள்.

இந்த மதகு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பன்றிக்குட்டிகளே சாட்சி. பன்றி இனத்தில் யூசிபி-1 மரபணு பல லட்சம் தலைமுறைகளுக்கு முன்பே பழுதாகிவிட்டது. அதனால் பன்றிக்குட்டி பிறந்ததும் நடுங்கும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பண்ணைகளில் அதற்காகவே விளக்கு போட்டுச் சூடு காட்டுகிறார்கள்.

இந்தக் கொழுப்பை முதலில் விவரித்தவர் சுவிட்சர்லாந்தின் கான்ராட் கெஸ்னர், 1551-இல். குளிர்காலம் முழுக்கத் தூங்கும் மார்மோட் என்ற அணில் இனத்து விலங்கின் முதுகில் கொழுப்பும் அல்லாத சதையும் அல்லாத ஏதோ ஒன்று இருப்பதாக எழுதினார். அது எதற்கு என்று தெரிய நானூறு ஆண்டுகள் ஆயின. 1960-களில் ஆக்ஸ்ஃபோர்டில் டாக்கின்ஸ், ஹல் என்ற இருவர் முயல் குட்டிகளின் முதுகில் வெப்பத்தை அளந்துதான் பச்சிளம் உயிர்களின் அடுப்பு இது என்று காட்டினார்கள். வளர்ந்த பிறகு இது மறைந்துவிடும் என்றே வெகுகாலம் நம்பியிருந்தார்கள். 2009-இல் ஃபின்லாந்தின் துர்க்கு நகரக் குழு உட்பட மூன்று குழுக்கள் பெரியவர்களிடமும் அது வேலை செய்வதை உறுதி செய்தன. இன்று உடல் பருமனையும் சர்க்கரை நோயையும் ஆராய்பவர்கள் எல்லோரும் இதன் பின்னால் ஓடுகிறார்கள். முயல் குட்டியின் முதுகுச் சூட்டை அளக்கப் பணம் கேட்டு இன்று நம் ஊரில் ஓர் இளம் ஆய்வாளர் விண்ணப்பம் போட்டால் கிடைக்குமா? உடனடிப் பயன் என்ன என்று கேட்கும் அந்தக் கட்டத்திலேயே விண்ணப்பம் நின்றுவிடும் என்பதுதான் என் வருத்தம். அந்தக் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுத்துவிட வேண்டும்.

சரி, பால்கனிக்குத் திரும்புவோம். உங்கள் பேத்தியின் அடுப்பு அங்கே முழு வேகத்தில் எரிகிறதா என்றால், இல்லை. எரியவும் கூடாது. அது அவசரத்துக்கு உள்ள கையிருப்பு. முழு வேகத்தில் எரிந்தால் குழந்தையின் சர்க்கரையையும் ஆக்சிஜனையும் தின்றுவிடும். அன்றாட வேலையைச் செய்வது உடைதான். கம்பளி உள்சட்டை, கம்பளித் தொப்பி, கையுறை, அதற்கு மேல் பறவையிறகு அடைத்த தூக்கப்பை. கம்பளியோ இறகோ தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே காற்றை அசையாமல் பிடித்து வைக்கின்றன. அசையாத காற்றைத் தாண்டிச் சூடு போவது கடினம். தண்ணீரோ காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதனால்தான் காற்றடிக்காத, காய்ந்த மைனஸ் ஐந்தைவிட, தூறலும் காற்றுமாக இருக்கும் பிளஸ் இரண்டு டிகிரி மோசமானது.

வெளியே போட்டால் ஏன் அதிக நேரம் தூங்குகிறது என்பதும் சுவையான கேள்வி. ஃபின்லாந்தின் வடக்கே ஔலு பல்கலைக்கழகத்தில் மார்யோ டொவுருலா இதை ஆராய்ந்தார். பெற்றோர் சொன்னபடி, உள்ளே ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தூங்கும் குழந்தை, வெளியே ஒன்றரை முதல் மூன்று மணி நேரம் தூங்கியது. பெரும்பாலோர் குழந்தைக்கு இரண்டு வாரமானதுமே தொடங்கிவிடுகிறார்கள். அவர் தரும் விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. துணியில் இறுகச் சுற்றிய குழந்தை கை கால் உதறி விழித்துக்கொள்வது குறைவு. ஆனால் சூடான அறையில் அப்படிச் சுற்றினால் வெந்துவிடும். வெளியே குளிராக இருப்பதால்தான் அவ்வளவு கனமாகச் சுற்ற முடிகிறது. குளிர் தூங்க வைக்கவில்லை, தூங்க வைக்கும் போர்வைக்கு அது இடம் கொடுக்கிறது.

பழக்கத்தைப் பரப்பியவர் குழந்தை மருத்துவர் ஆர்வோ உல்ப்யோ. 1920-களில், ஏறத்தாழ பத்தில் ஒரு குழந்தை முதல் பிறந்தநாளைக் காணாத ஃபின்லாந்தில், காற்றோட்டமில்லாத புகையடைந்த வீடுகளிலிருந்து குழந்தைகளை வெளியே கொண்டுவரச் சொன்னார். எலும்பு வளைந்துபோகும் கணை நோயை (ரிக்கெட்ஸ்) தடுக்க வெளிச்சமும் வேண்டும் என்றார். கோடைக்கு அது பொருந்தும். ஆனால் அந்த உயரமான அட்சரேகையில் நடுக்குளிர்கால வெயிலால் தோலில் வைட்டமின் டி உண்டாகாது. அதற்குத்தான் இன்று சொட்டு மருந்து கொடுக்கிறார்கள். வெளியே தூங்கினால் சளியே பிடிக்காது என்று அங்கே சிலர் சொல்வதையும் நான் ஏற்பதில்லை. சளியைத் தருவது வைரஸ். நம் ஊரில் பனி பட்டால் சளி பிடிக்கும் என்பதும் அதே அளவு தவறு. மூடிய அறையில் நாலு பேர் சுற்றி நின்று கொஞ்சுவதில்தான் வைரஸுக்குக் கொண்டாட்டம்.

பச்சிளம் குழந்தைக்குக் குளிர் ஆபத்தா என்றால் ஆபத்துதான். திருநெல்வேலியிலும்தான். பிறந்த குழந்தை ஈரமாக வருகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது உடல் சூட்டை அள்ளிக்கொண்டு போகிறது. அதனால்தான் முதல் குளியலை 24 மணி நேரம் தள்ளிப்போடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். பிறந்ததும் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டி, சன்னலைச் சாத்திய அறையில் படுக்க வைக்கும் பழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன். அன்போடு செய்வதுதான், ஆனால் அந்த நுரையீரலுக்குப் புகை ஆகாது.

இன்னொன்று, நம் வெயிலுக்கு. வண்டியில் குழந்தை தூங்கும்போது வெயில் படாமலிருக்க மேலே துணி போர்த்துகிறோம். 2014-இல் சுவீடனின் ஸ்வென்ஸ்கா தாக்பிளாதெட் நாளிதழ் இதைச் சோதித்தது. மூடாத வண்டிக்குள் 22 டிகிரி. மெல்லிய துணியால் மூடியதும் அரை மணி நேரத்தில் 34, ஒரு மணி நேரத்தில் 37. சுவீடனின் கோடைக்கே அப்படி என்றால் மே மாத மதுரையை நினைத்துப் பாருங்கள். மிகைச் சூடு, பச்சிளங்குழந்தைகளின் திடீர் மரணத்துக்குத் தெரிந்த காரணிகளில் ஒன்று. மைனஸ் ஐந்தைவிட எனக்கு இந்தத் துணியைப் பார்த்தால்தான் அதிகப் பயம்.

ஆகவே அம்மா, எஸ்போ போனதும் இதைச் செய்யுங்கள். மைனஸ் பத்துக்குக் கீழே போனால் உள்ளேயே தூங்கட்டும், அங்குள்ளவர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். காய்ச்சல் என்றாலும் உள்ளேதான். குறைமாதத்தில் பிறந்திருந்தால் அந்தப் பழுப்புக் கொழுப்பு போதிய அளவு சேர்ந்திருக்காது, மருத்துவர் சொல்லும்வரை வெளியே வேண்டாம். கழுத்தில் மப்ளர் சுற்றாதீர்கள். மல்லாக்கப் படுக்க வையுங்கள், முகத்தை மூடாதீர்கள். கன்னத்தையும் மூக்கையும் தொட்டுப் பார்த்து ஐயோ ஜில்லென்று இருக்கிறதே என்று பதறவேண்டாம், அவை அப்படித்தான் இருக்கும். சட்டைக்குள் கையை விட்டு மார்பையும் பிடரியையும் தொடுங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே தூக்கி வாருங்கள். வேர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள். கதகதப்பாக, காய்ந்து இருந்தால் கையை எடுத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்து மகளோடு காபி குடியுங்கள். பேத்தி எழுந்திருக்க இன்னும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும்.