நெடுங்குழல் துப்பாக்கியும் செப்புத் தொப்பியும்

பென்சில்வேனியாவில் வசிக்கும் வாசகர் ஒருவர், பக்கத்து ஊர்ப் பண்ணை வீட்டில் நடந்த ஏலத்தில் தாம் வாங்கிய நீண்ட துப்பாக்கியின் படங்களை அனுப்பி இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். எண்பட்டைக் குழலின் மேற்பட்டையில் ஒருவர் பெயரும், பக்கவாட்டுத் தகட்டில் 'கோல்ச்சர்' என்று வேறொருவர் பெயரும் இருக்கின்றன. இவர்களில் யார் இதைச் செய்தவர்? சுத்தியல் விழும் இடத்தில் சக்கிமுக்கிக் கல்லும் இல்லை, அது உரசுவதற்கான எஃகும் இல்லை, துளையுள்ள சிறு காம்பு ஒன்றுதான் நிற்கிறது. அப்படியானால் தீ எங்கிருந்து வந்தது?

முதல் கேள்விக்கு விடை எளிது. குழலின் மேல் இருப்பதே பெரும்பாலும் செய்தவரின் பெயர். பக்கவாட்டுத் தகட்டோடு சேர்ந்த சுடுபொறியை, அதாவது சேகரிப்பாளர்கள் 'லாக்' என்று சொல்லும் பாகத்தை, நாட்டுப்புறக் கொல்லர்கள் பலர் தாமே செய்யாமல் கடையில் வாங்கிப் பொருத்தினார்கள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து அவை பெட்டி பெட்டியாக வந்திறங்கின. பிலடெல்பியாவில் கோல்ச்சர் குடும்பத்தார் போன்றவர்களும் செய்து விற்றார்கள். ஆகவே கோல்ச்சர் பெயரைப் பார்த்துத் துப்பாக்கியையே கோல்ச்சர் செய்தது என்று விலை சொல்லும் விற்பனையாளரிடம் சற்று விழிப்பாக இருப்பது நல்லது.

இரண்டாவது கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது. தீபாவளிக்குப் பொட்டு வெடியைக் கல்லால் தட்டி விளையாடிய எவருக்கும் அதன் விடையில் பாதி ஏற்கெனவே தெரியும்: தட்டினால் தீப்பிடிக்கும் பொருள்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றைச் சிறு செப்புத் தொப்பியின் அடியில் பூசி, அந்தத் தொப்பியைக் காம்பின் மேல் கவிழ்த்து வைத்தார்கள். விசையை இழுத்ததும் சுத்தியல் தொப்பியின் மேல் விழும். உள்ளே பிறக்கும் தீ, காம்பின் துளை வழியாகக் குழலின் அடியில் இருக்கும் கருமருந்துக்குப் போய்ச் சேரும். உடைந்த செப்புத் துணுக்குகள் கண்ணில் தெறிக்காதபடி சுத்தியலின் மூக்கைக் குடைந்து வைத்திருப்பார்கள்.

அந்தத் தொப்பியில் இருந்த பொருளுக்குப் பாதரச ஃபல்மினேட் என்று பெயர். எட்வர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1800-இல் அதை லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டிக்கு விவரித்தார். சோதனையில் காயமும் பட்டார், அதே ஆண்டு அந்தச் சங்கத்தின் காப்ளி பதக்கமும் பெற்றார். அதில் என்னை வியக்க வைப்பது அதன் மூலக்கூறின் அமைப்பு. பாதரச அணு ஒன்றின் இரு பக்கமும் கரி, நைட்ரஜன், ஆக்ஸிஜன் என்ற வரிசையில் மும்மூன்று அணுக்கள் நிற்கின்றன. நைட்ரஜன் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது. நைட்ரஜனுக்கு மிகவும் உவப்பானது இன்னொரு நைட்ரஜனோடு மூன்று பிணைப்புகளால் சேர்ந்து வாயுவாகப் போய்விடுவது. கரிக்கு உவப்பானது ஆக்ஸிஜனோடு நேரடியாகச் சேர்வது. இந்த வரிசையில் இரண்டுமே நடக்கவில்லை. எனவே மூலக்கூறு ஒரு சிறு தூண்டுதலுக்காகக் காத்திருக்கிறது. அது கிடைத்ததும் நைட்ரஜன் வாயுவாகவும் கார்பன் மோனாக்ஸைடாகவும் பாதரச ஆவியாகவும் பிரிந்து, மிச்ச ஆற்றலை வெப்பமாகக் கொட்டிவிடுகிறது.

இதே மூன்று அணுக்களை ஆக்ஸிஜன், கரி, நைட்ரஜன் என்று கரி நடுவில் வரும்படி அடுக்கினால் அதற்குச் சயனேட் என்று பெயர்; அது சுத்தியல் அடிக்கு இப்படிச் சீறுவதில்லை. 1820-களில் ஜெர்மானிய வேதியியலாளர்களான லீபிக் வெள்ளி ஃபல்மினேட்டையும், வோலர் வெள்ளி சயனேட்டையும் பகுத்துப் பார்த்தபோது, இரண்டிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவே வந்தது. ஒருவர் கணக்கு தவறாக இருக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். தவறு யாரிடமும் இல்லை. ஒரே அணுக்கள் வேறு வரிசையில் நின்றால் வேறு பொருள் என்ற உண்மை இவ்வழியாகவும் துலங்க, ஸ்வீடன் வேதியியலாளர் பெர்சீலியஸ் 1830-இல் அதற்கு 'ஐசோமர்' என்று பெயரிட்டார். நம் பள்ளிப் பாடநூலில் மாற்றியம் என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்த அந்தச் சொல்லின் பிறப்பில் இந்தத் தொப்பி மருந்தின் உறவுக்காரப் பொருளுக்கும் பங்கு உண்டு என்பதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் அந்தப் பாடத்தை நான் மறந்திருக்க மாட்டேன். பாதரச ஃபல்மினேட் படிகத்தில் அணுக்கள் நிற்கும் இடத்தைத் துல்லியமாக அளந்து வெளியிட்டது 2007-இல்தான்.

சுத்தியல் அடி என்ன செய்கிறது? அடியின் ஆற்றல் மருந்து முழுவதிலும் சமமாகப் பரவினால் அது சற்றே சூடாவதோடு நின்றுவிடும். ஆனால் படிகத் துகள்களுக்கு இடையில் நுண்ணிய காற்றுக் குமிழ்கள் உண்டு. அவை திடீரென்று நசுங்கும்போதும், துகள்கள் ஒன்றோடொன்று உரசும்போதும், கண்ணுக்குத் தெரியாத சில புள்ளிகளில் மட்டும் வெப்பம் குவிகிறது. அங்கே தொடங்கும் சிதைவு அடுத்த படிகத்தைத் தொட்டு ஓடுகிறது. தொப்பி மருந்தில் கண்ணாடித் தூள் கலக்கும் வழக்கம் வந்ததும் இந்த உரசலைக் கூட்டத்தான்.

ஹோவர்டின் பொருள் தொப்பிக்குள் வர ஒரு வேட்டைக்காரரின் எரிச்சல் தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியார் அலெக்ஸாண்டர் ஃபோர்சைத், சக்கிமுக்கித் துப்பாக்கியில் கல்லின் பொறி விழும் மருந்துக் கிண்ணியில் முதலில் எழும் பளிச்சொளியைக் கண்டு வாத்துகள் தப்பிவிடுவதைப் பார்த்து, அடித்தால் பற்றும் மருந்தால் நேரடியாகத் தீயூட்டும் பொறியைச் செய்து 1807-இல் காப்புரிமை பெற்றார். லண்டன் கோட்டையில் அவருக்குத் தரப்பட்டிருந்த பணியிடத்தை, படைக்கலத் துறைக்குப் புதிதாக வந்த தலைவர் அந்த ஆண்டே பறித்துவிட்டார். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் அதிகாரம் ஆள் மாறியதும் திசை மாறுவது அன்றும் இன்றும் ஒன்றுபோல நடக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த வருத்தம் உண்டு. செப்புத் தொப்பியைத் தாமே முதலில் எண்ணியதாகப் பலர் சொன்னார்கள். அவர்களில் பிலடெல்பியாவில் குடியேறிய ஓவியர் ஜோஷுவா ஷா 1822-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

அமெரிக்க நெடுங்குழல் துப்பாக்கி அதற்கு வெகு முன்பே பிறந்துவிட்டது. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியில் குடியேறிய ஜேக்கப் டிக்கர்ட் போன்ற ஜெர்மானியக் கைவினைஞர்கள் அதற்கு வடிவம் கொடுத்தார்கள். தொப்பி வந்தபின் ஒவ்வொரு வட்டாரமும் அதைத் தன் கைப்பாங்குக்கு வளைத்துக்கொண்டது. அதே மாநிலத்தின் பெட்ஃபோர்ட் வட்டாரத்தார் சுடுபொறியைக் கடையில் வாங்காமல் தாமே ஒடுக்கமாக, நீளமாக, வளைவழகோடு செய்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தவை அவைதாம். வட கரோலினாவின் ஜேம்ஸ்டவுனில் போரை ஏற்காத குவேக்கர் சமயத்தார் வேட்டைத் துப்பாக்கி செய்தார்கள். டென்னசி மலைப்பகுதியில் பித்தளைக்குப் பதில் இரும்புப் பூண்கள். செயின்ட் லூயியில் ஹாக்கன் சகோதரர்கள் குழலைக் குறுக்கிக் கனமாக்கி, மேற்கே போகிறவர்களுக்கு விற்றார்கள்.

சேகரிப்பாளர் ஒருவர் வீட்டில் அப்படி ஒரு துப்பாக்கியைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். மேப்பிள் மரக் கட்டையில் புலிவரிபோல ஓடிய கோடுகள், விளக்கைச் சற்று நகர்த்தியதும் இடம் மாறி மின்னின. அவர் சுடுபொறித் தகட்டைக் காட்டினார்: சுத்தியலுக்கு முன்னால், அடைத்துத் தேய்த்த இரண்டு சிறு துளைகளின் வட்டங்கள் மங்கலாகத் தெரிந்தன. உரசும் எஃகும் அதன் வில்லும் ஒரு காலத்தில் நின்ற இடங்கள் அவை. பிறக்கும்போது சக்கிமுக்கியாக இருந்து, பின்னர் கிண்ணியிலிருந்து குழலுக்குத் தீ போன துளையில் மரையிட்டு, காம்பு ஏந்தும் உருளை ஒன்றைத் திருகி மாற்றப்பட்ட துப்பாக்கி. இப்படி மாற்றியவையும் வரலாறே; அவற்றை அதிக விலைக்காக மறுபடி சக்கிமுக்கியாக ஆக்கி விற்பதை நான் ஏற்கமாட்டேன்.

காம்பைச் சுற்றிய இரும்பு குழிகுழியாக அரித்திருந்தது. குற்றவாளி பாதரசம் அன்று; பாதரசம் இரும்போடு கலப்பதில்லை. ஃபல்மினேட்டோடு சேர்த்த பொட்டாசியம் குளோரேட், எரிந்தபின் பொட்டாசியம் குளோரைடு உப்பாக அங்கே படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துத் துரு ஏற்றியது. சுட்டபின் வெந்நீரால் கழுவச் சொன்னதன் காரணம் அதுதான்: உப்பு நீரில் கரையும், எண்ணெயில் கரையாது.

வாசகரின் படத்தில் தகட்டுத் துளைகள் தென்படவில்லை. ஆகவே அது தொடக்கத்திலிருந்தே தொப்பித் துப்பாக்கியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். காம்பருகே இருக்கும் துருவைச் சுரண்ட வேண்டாம். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குழல் வாய்க்கு முன்னால் நிற்காமல், ஒரு மரக்குச்சியைக் குழலுக்குள் அடிவரை விட்டு வாயருகே குறியிட்டு, அதையே குழலின் வெளிப்புறத்தில் வைத்துப் பாருங்கள். குச்சியின் நுனி காம்பிருக்கும் இடத்துக்கு விரலளவோ அதற்கு மேலோ முன்பாகவே நின்றுவிட்டால், யாரோ போட்ட மருந்தும் குண்டும் இன்னும் உள்ளே இருக்கலாம். உலர்ந்த கருமருந்து நூறாண்டு கடந்தும் பற்றும். அந்த நிலையில் துப்பாக்கியைத் தொடாமல், இப்படிக் குழல் வாய் வழியாக மருந்திடும் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலறிந்தவரை அழையுங்கள்.