பச்சை எல்லாம் பழமை அல்ல

சென்ற மாதம் ஒருவர் என் மேசையில், காலில் இறக்கை உள்ள ரோமானியக் கடவுள் மெர்க்குரியின் சிலை ஒன்றை வைத்தார். ஒரு சாண் உயரம். மண்ணிலிருந்து எடுத்த ரோமானிய வெண்கலம். "பச்சை எவ்வளவு அழகாக ஏறியிருக்கிறது பாருங்கள்" என்றார். என் கண் போனதோ குதிகால் இறக்கைக்கு அடியில் இருந்த கடுகளவுப் புள்ளிக்கு. வெளிறிய பச்சை, மாவு மாதிரி. மரக்குச்சி முனையால் தொட்டதும் உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் குழி.

இதைத்தான் வெண்கல நோய் என்கிறோம். மண்ணில் கிடந்த காலத்தில் உள்ளே இறங்கிய குளோரைடு, செம்போடு சேர்ந்து அங்கேயே தங்கிவிடுகிறது. காற்றின் ஈரமும் ஆக்சிஜனும் அதைத் தொட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகிறது. அந்த அமிலம் நல்ல செம்பை அரிக்க, மறுபடியும் குளோரைடு, மறுபடியும் அமிலம். மேலே துடைப்பதால் இது நிற்காது. முதலில் ஈரத்தை நிறுத்த வேண்டும்: சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான பெட்டி, உள்ளே ஓர் ஈரப்பதமானி, 40 சதவீதத்துக்குக் கீழே அளவு. அதன் பிறகுதான் மருந்து, அதுவும் பயிற்சி பெற்றவர் கையால்.

நல்ல பச்சைப் படலம் அப்படி இருக்காது. கெட்டியாக, உலோகத்தோடு ஒட்டிக் கிடக்கும், விரலில் வராது. அதைச் சுரண்டி "சுத்தம்" செய்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. போனது திரும்ப வராது.

19ஆம் நூற்றாண்டு வார்ப்புகளுக்கு அதிக ஆபத்து பாலிஷ்தான். 1838இல் பாரிஸில் தொடங்கிய பார்பெடியென் பட்டறை, பழைய கிரேக்க, ரோமானியச் சிலைகளைச் சின்ன அளவில் வார்த்து விற்றது. அவற்றின் பழுப்பு நிறம் அழுக்கு அல்ல. சூடும் ரசாயனமும் கொடுத்துப் பட்டறையே ஏற்றிய மேற்பூச்சு. 1862இல் இத்தாலியின் பழைய நகரமான பொம்பெயியில் கிடைத்த, நார்சிஸஸ் என்று அழைக்கப்படும் இளைஞன் சிலைக்கு நேப்பிள்ஸ் பட்டறைகள் செய்த நகல்களிலும் பச்சையை வேண்டுமென்றே ஏற்றினார்கள். பளபளக்கத் தேய்த்தால் அந்தக் கைவேலைதான் போகும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள், போதும்.

வெண்கலம்தானா என்று சந்தேகமா? அடிப்பக்கக் கீறலில் வெள்ளிச் சாம்பல் நிறம் தெரிந்தால் பெரும்பாலும் அது துத்தநாக வார்ப்பு. வெண்கலம் என்றால் பொன்னிறமாகத் தெரியும்.

மண்ணிலிருந்து எடுத்தது என்று சொல்லி விற்றால், பணம் கொடுக்கும் முன் ஆவணங்களைக் கேளுங்கள். கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ உடன்படிக்கை வந்த 1970க்கு முன்பே அது கிடைத்த நாட்டை விட்டுச் சட்டப்படி வெளியே வந்திருந்ததற்குச் சான்று வேண்டும். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. தாள் இல்லாத சிலையைத் தொடவே மாட்டேன்.

மெர்க்குரி இப்போது என் அலமாரியில், மூடிய பெட்டிக்குள். ஈரப்பதமானி 36 காட்டுகிறது. இறக்கைக்கு அடியில் புதுப் புள்ளி வரவில்லை. இன்னும் மூன்று வாரம் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன்.