திரில்லர்: துளைப்பதும் பதைப்பதும்

“கதைதான் தெரியுமே ஆன்ட்டி, அப்புறம் ஏன் கண்ணை மூடிக்கிட்டீங்க?”

படம் முடிந்து மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது, தொடக்கக் கல்லூரியில் படிக்கும் ஒரு தம்பி எங்கள் வாசகர் வட்டத்தின் மூத்த உறுப்பினரிடம் கேட்ட கேள்வி இது. நூறாண்டுக்கு முந்திய ஒரு மலையடிவார ஊரில் அடுத்தடுத்து நடக்கும் கொலைகளைச் சொல்லும் நாவல் ஒன்றைத் தழுவி எடுக்கப்பட்ட படத்தைப் பார்க்க, நாங்கள் பதினோரு பேர் போயிருந்தோம். எங்களில் ஐவர் நாவலை முன்பே வாசித்திருந்தனர். அந்த அம்மையாரோ இருமுறை வாசித்தவர். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டே, “தெரிஞ்சதுனாலதாம்பா மூடினேன். கெணத்தடிக்கு அந்தப் பொண்ணு போறது தெரியுது, அங்க யாரு நிக்கிறான்னும் தெரியுது. நெஞ்சு பதைபதைன்னு அடிச்சுக்குது. எப்படிப் பாக்குறது?” என்றார்.

இந்த விடை எனக்கு ஒரு சொற்சிக்கலாக வந்து சேர்ந்தது. ஏனென்றால், அந்தச் சந்திப்புக்கான தமிழ் அறிவிப்பை எழுதியவன் நான்; ‘திரில்லர்’ என்ற சொல்லைத் தவிர்க்க நினைத்து, ‘மர்மப் படம்’ என்று எழுதியிருந்தேன். மர்மம் என்றால் மறைபொருள். கொலையாளி யார் என்பதை இருமுறை வாசித்து அறிந்துவிட்ட ஒருவருக்கு அந்தக் கதையில் மறைபொருள் ஏதும் மிச்சமில்லை. இருந்தும் அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது என்றால், திரில்லரைத் திரில்லர் ஆக்குவது மர்மம் அன்று என்றுதானே பொருள்? நாவலைத் தழுவிய படங்கள் இந்த வகையில் நல்ல உரைகல். முடிவு தெரிந்தவரும் தெரியாதவரும் ஒரே வரிசையில் அமர்ந்து பார்க்கும்போது, மர்மம் பாதிப் பேருக்கு மட்டும்தான் இருக்கிறது. திரில் எல்லாருக்கும் இருக்கிறது.

ஆங்கிலத்தில் ‘திரில்’ என்பது இன்று ஒருவகை உணர்ச்சிக் கிளர்ச்சியைக் குறித்தாலும், அதன் முதற்பொருள் துளைத்தல் என்பதாகும். பழைய ஆங்கிலத்தில் ‘திரெல்’ என்றால் துளை. அதன் வழிவந்த வினைச்சொல்லுக்குத் துளையிடு, ஊடுருவு என்று பொருள். ‘திர்ல்’ என ஒலித்துவந்த அந்த வினை, உள்ளிருந்த எழுத்துகள் இடம் மாறி ‘திரில்’ ஆனது. நம்மிடம் தசை சதையானதும் விசிறி சிவிறியானதும் இதே வகை மாற்றந்தான். மூக்குத்துளையைக் குறிக்கும் ‘நாஸ்ட்ரில்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பின்பாதியில் அந்தப் பழைய துளை இன்றும் அடையாளம் தெரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 16ஆம் நூற்றாண்டின் இறுதியளவில், உடம்பைத் துளைக்கும் கூர்மையிலிருந்து மனத்தைத் துளைக்கும் உணர்ச்சிக்கு அந்த வினை நகர்ந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியளவில், அவ்வாறு துளைக்கும் கதைக்கே ‘திரில்லர்’ என்று பெயர் வந்தது. (துளை, திரெல் ஆகிய இரண்டும் ஒலியால் நெருங்கியிருப்பதைக் கண்டு, ஆங்கிலமே நம்மிடம் கடன் வாங்கியது என்று யாரும் கிளம்ப வேண்டா. அந்தச் சொல் ‘ஊடாக’ எனப் பொருள்படும் ‘த்ரூ’ என்னும் ஆங்கிலச் சொல்லின் உறவு.)

ஆகவே இந்தப் பெயர் கதைக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லவில்லை. கதை தன் எதிரே இருப்பவரை என்ன செய்கிறது என்பதைத்தான் சொல்கிறது. பேய்க்கதையில் பேய் இருக்கும், போர்க்கதையில் போர் இருக்கும். திரில்லரில் திரில் இருப்பதோ பார்ப்பவரின் உடம்பில்.

தமிழில் இதற்கு ஈடாகப் புழங்கும் சொற்களை இந்த ஒளியில் பார்க்கலாம். ‘துப்பறியும் கதை’ மூத்தது. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிக் குவித்த நாவல்களோடு நிலைபெற்ற பெயர் அது; ரங்கராஜுவின் நாவல்கள் 1930களிலேயே திரைப்படங்களாகவும் வந்தன. ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கி’ என்று வள்ளுவர் உணவுக்கு ஆண்ட சொல், பழைய நூல்களில் வலிமைக்கும் பவளத்துக்கும்கூட வழங்கிய சொல், உளவுக்கும் தடயத்துக்கும் வந்து சேர்ந்தது தனிக்கதை. ஆனால் துப்பறிவது கதைக்குள் இருக்கும் ஒருவருடைய தொழில். துப்பறிபவர் எவருமே இல்லாத திரில்லர்கள் எத்தனையோ உண்டு. நாங்கள் பார்த்த படத்தில்கூட, கொலையாளியைத் தேடி ஒருவரும் புறப்படவில்லை, எல்லாரும் அவனிடமிருந்து தப்பிக்கவே பார்த்தார்கள்.

மர்மத்துக்கு வருவோம். உயிர்நிலை என்று பொருள்படும் வடசொல்லிலிருந்து வந்தது அது. வர்மக் கலையில் உள்ள வர்மமும் அதன் திரிபே. அடித்தால் உயிர் போகும் இடம் என்பதிலிருந்து, வெளியே சொல்லக்கூடாத இடம், மறைபொருள் என்று பொருள் விரிந்தது. சொல்லாக அது அழகானதுதான், ஆனால் அது பொருந்தாத இடத்தைக் கிணற்றடிக் காட்சி காட்டிவிட்டது. ‘பரபரப்பு’ என்பதைச் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் தேய்த்துவிட்டன. காய்கறி விலை ஏறினாலும் இன்று பரபரப்புதான். ‘விறுவிறுப்பு’ வேகத்தை மட்டும் சொல்கிறது. மெதுவாக, ஒரு விளக்கு அணைவதை அரை நிமிடம் காட்டி வயிற்றைப் பிசையும் படத்தை விறுவிறுப்பான படம் என்று எப்படிச் சொல்வது?

மிச்சமிருக்கும் வலுவான போட்டியாளர் ‘திகில்’. கன்னடத்தில் திகிலு, தெலுங்கில் திகுலு என்று அண்டை வீடுகளிலும் உறவுள்ள சொல். திரில், திகில் என்று ஓசை ஒத்துப்போனதும் இதை ஈடாகக் கொள்ளத் தூண்டியிருக்கலாம் என்பது என் ஊகம். ஆயினும் திகில் என்றவுடன் தமிழ் வாசகர் நெஞ்சில் வந்து நிற்பது பேய். அந்தச் சொல்லை அமானுடக் கதைகள் ஏற்கெனவே குத்தகைக்கு எடுத்துவிட்டன.

உண்மையில் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் கருவி நம்மிடம் மிகப் பழங்காலந்தொட்டு இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. மெய்ப்பாடு என்பதே மெய்யில், அதாவது உடம்பில் தோன்றுவது. அவற்றைச் சொல்லும் மெய்ப்பாட்டியலுக்கு உரை எழுதிய இளம்பூரணர், ‘உய்ப்போன் செய்தது காண்போர்க்கு எய்துதல்’ என்று பழைய நாடக இலக்கண ஆசிரியரான செயிற்றியனார் சொன்னதை எடுத்துக்காட்டுகிறார். மேடையில் ஒருவன் பட்டது அரங்கில் இருப்பவரைச் சென்றடைவதையே மெய்ப்பாடு என்கிறார்கள். அதோடு நிற்காமல், புலியையோ பேயையோ கண்டு அஞ்சிய ஒருவனை வைத்து அச்சத்தை இளம்பூரணர் அடுக்கடுக்காகப் பிரிக்கிறார்: புலியும் பேயும் சுவைக்கு ஏதுவான பொருள், கண்டது முதல் நீங்காது நின்ற அச்சம் சுவை, மயங்குவதும் ஒளிந்துகொள்வதும் குறிப்பு, நடுக்கமும் வியர்வையும், தன் வயமின்றி உடம்பில் தோன்றும் சத்துவம்.

இந்த அடுக்கில் நம் சொற்களை அமர்த்திப் பாருங்கள். மர்மமும் துப்பும் பொருள் என்னும் தட்டில் நிற்கின்றன. கதைக்குள் இருப்பவை அவை. திகில் சுவை என்னும் தட்டில் நிற்கிறது. அந்த அம்மையார் கண்ணை மூடிக்கொண்டது குறிப்பு. அவர் நெஞ்சு அடித்துக்கொண்டதே சத்துவம். ஆங்கிலத்தின் ‘திரில்’ பெயர் சூட்டியிருப்பது அந்தக் கடைசித் தட்டுக்குத்தான். எனவே தமிழ்ச் சொல்லையும் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

சிங்கப்பூரில் நான்கு மொழிகளும் தோளோடு தோள் உரசி வாழ்வதால், அண்டை மொழிகள் என்ன செய்கின்றன என்பதையும் பார்க்கத் தோன்றியது. மலாய் நண்பர்கள் அச்சமூட்டும் கதையைச் ‘செரித்தா செராம்’ என்பார்கள்; மயிர் சிலிர்க்கும்படியான அச்சம் என்பது செராம் என்பதற்குள் அடங்கியிருக்கிறது. உடம்பில் சிலிர்த்து நிற்கும் மயிருக்கு அவர்கள் சொல்வது ‘புலு ரோமா’; அந்த ரோமாவும் நம் உரோமமும் ஒரே வடசொல்லின் பிள்ளைகள். சீனத்தில் திரில்லர் படம் ‘ஜிங்சொங் பியென்’. இங்கே எழுதப்படும் எளிய வரிவடிவத்தில், ஜிங், சொங் ஆகிய இரண்டு எழுத்துகளின் இடப்பக்கத்திலும் நெஞ்சைக் குறிக்கும் அதே உறுப்பு நிற்கிறது. ஒருவர் மயிரைப் பிடித்திருக்கிறார், ஒருவர் நெஞ்சைப் பிடித்திருக்கிறார். இருவருமே உடம்பை விடவில்லை.

படத்தைப் பற்றி அன்று அடிபட்ட வேறு இரண்டு சொற்களையும் சொல்லிவிடுகிறேன். ‘பீரியட் படம்’ என்பதற்குச் சுற்றிவரும் வழி எனப் பொருள்படும் கிரேக்கச் சொல் மூலம். வரலாற்றுப் படம் என்றால் அரசர்கள் வர வேண்டும் போலிருக்கிறது, பழைய படம் என்றால் கறுப்பு வெள்ளையாகிவிடுகிறது. ‘முற்காலக் கதைப்படம்’ என்பது நீளமானாலும் பிழையில்லை. “ரொம்ப டார்க்கா இருந்துச்சு” என்று இளையர் சொன்னதை ‘இருண்ட படம்’ என்று அப்படியே பெயர்த்தால், ஒளிப்பதிவைக் குறைசொல்வதாக ஆகிவிடும். அவர்கள் சொல்ல வந்தது, கதையில் ஒருவர்கூடக் கைநீட்டி உதவவில்லையே என்பது. அதற்கு ‘ஈரமற்ற கதை’ என்பதே நேரானது என்று நினைக்கிறேன்.

திரில்லருக்கு நான் முன்வைக்கும் சொல் ‘பதைப்பு’. பதைத்தல் என்றால் துடித்தல், நடுங்குதல். வெயிலில் விழுந்த புழு பதைக்கும், பிள்ளையைக் காணாத தாய் பதைப்பாள். அது உடம்பின் அசைவையும் மனத்தின் தவிப்பையும் ஒரே மூச்சில் சொல்கிறது. நான் புதிதாகக் கட்டியதன்று, அந்த அம்மையார் வாயிலிருந்து தானாக வந்தது. ‘சிலிர்ப்பு’ என்பதை ஒருவர் எதிர்நிறுத்தினார். அது நல்ல சொல், ஆனால் அதில் இன்பம் மிகுதி. நல்ல பாட்டைக் கேட்டாலும் மெய்சிலிர்க்கும், கடற்காற்று பட்டாலும் சிலிர்க்கும். செந்தோசாவில் உருள்வண்டியில் ஏறி இறங்கிய பிள்ளை “திரில்லா இருந்துச்சு” என்றால் அதைச் சிலிர்ப்பு என்று எழுதலாம், பதைப்பு என்று எழுதினால் பெற்றோர் பயந்துவிடுவர். ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு இரண்டு தமிழ்ச் சொற்கள் தேவைப்படுவதில் குற்றமில்லை. பதைப்பில் இன்பமே இல்லையே என்றும் கேட்டார்கள். காசு கொடுத்துப் பதைக்கப் போகிறோம் என்பதிலேயே அந்த இன்பம் அடங்கிவிடுகிறது என்பது என் விடை. தம்பிக்கு அது முழு நிறைவு தரவில்லை.

லிஃப்டை மின்தூக்கி என்றும், எம்ஆர்டியைப் பெருவிரைவு ரயில் என்றும் நாள்தோறும் எழுதிப் பழகிய ஊர் இது. அடுத்த மாதச் சந்திப்புக்கான அறிவிப்பில் ‘பதைப்புக் கதைகள்: வாசிப்பும் உரையாடலும்’ என்று எழுதி அனுப்பினேன். சரிபார்த்தவர் நடுவிலிருந்த ககர ஒற்றை நீக்கித் திருப்பி அனுப்பியிருந்தார். பதைப்பு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம், அதாவது வல்லின ஒற்றை அடுத்து உகரம் குறுகி முடியும் சொல் ஆதலால், அடுத்து வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: பதைப்புக் கதை, பதைப்புத் தொடர், பதைப்புப் படம். நாவலுக்கு மட்டும் ஒற்று வேண்டா, ‘பதைப்பு நாவல்’ என்றே எழுதலாம்.