ஸ்பீக்கரைக் கழற்றாதீங்க, முதல்ல ஊத்தையைத் துடைங்க

போன கிழமை ஏறாவூரிலிருந்து ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணர்) ரேப் செற் (கசெற்றும் ரேடியோவும் சேர்ந்த பெட்டி) ஒன்றை யூரியா உரப்பையில் சுற்றி என் திருத்தக் கடைக்குக் கொண்டுவந்தார். மேசையில் வைத்ததும் அவர் சொன்ன முதல் கதை இது: "தம்பி, முந்தி இதப் போட்டா அடுத்த ஒழுங்கைக்கும் கேக்கும். மறுகா சத்தம் குறைஞ்சி போச்சி. மகன் நூறு வாட்ஸ் ஸ்பீக்கர் வாங்கிப் பூட்டினான். இப்ப காதுக்குள்ள வெச்சாலும் ஒள்ளுப்பம்தான்."

நான் தலையில் கை வைத்தேன். இந்த மாதம் இது மூன்றாவது செற். முந்திய இரண்டும் அக்கரைப்பற்றிலிருந்தும் களுவாஞ்சிகுடியிலிருந்தும் வந்தவை. மூன்றும் ஒரே கதை.

அவருடைய மூத்த காக்கா எண்பதுகளில் சவுதியிலிருந்து கொண்டுவந்த செற் அது. அந்தக் காலத்தில் ஏறாவூர், காத்தான்குடி, மருதமுனை என்று எந்த ஊரை எடுத்தாலும், வெளிநாட்டால் வந்து இறங்கியவர் தோளில் இப்படி ஒன்று தொங்கும். எட்டுப் பெரிய பற்றரி, இரண்டு பக்கமும் அகன்ற ஸ்பீக்கர், தூக்கினால் கை வலிக்கும் பாரம். இப்போது காசு கொடுத்தாலும் அப்படி ஒரு சாமான் செய்து தர ஆள் இல்லை.

திறந்து பார்த்தால், பக்கத்துக்கு இரண்டாக நாலு கார் ஸ்பீக்கர். முதலில் ஒவ்வொன்று பூட்டியிருக்கிறான், சத்தம் கூடவில்லை. "இன்னும் ஒண்டு சேர்த்தா கூடும்" என்று இரண்டாவதையும் சமாந்தரமாக இழுத்துவிட்டான். அம்பிளிபயர் ஐசி (சத்தத்தைப் பெருக்கித் தருகிற சில்லு) வெந்துவிட்டது. நான் ஐசியை மாற்றிப் போட்டேன். சத்தம் மகன் கை வைப்பதற்கு முன் இருந்த அதே குறைந்த சத்தம்! பிறகு ரெக்கோட் சுவிச்சைக் கழுவினேன். செற் கத்தியது.

அதாவது தொடக்கத்தில் இருந்த பழுது ஊத்தை மட்டும்தான். பத்து நிமிட வேலை.

இந்த 'நூறு வாட்ஸ்' பைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன். ஸ்பீக்கரின் முதுகில் 100 வாட்ஸ் என்று எழுதியிருந்தால் அது நூறு வாட்ஸ் சத்தம் தரும் என்று அர்த்தம் இல்லை. நூறு வாட்ஸ் வரை அடித்தாலும் தாங்கும் என்று அர்த்தம். கொடுப்பது அம்பிளிபயர், வாங்குவது ஸ்பீக்கர். எட்டுப் பற்றரி போட்டால் 12 வோல்ற். அந்த 12 வோல்ற்றில் ஒரு சாதாரண ஐசி, 4 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு) ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தள்ளக்கூடியது மூன்று, நாலு வாட்ஸ். அதற்கு மேல் தள்ள வோல்ற்றே இல்லை. செற்றின் முகத்தில் பெரிய எழுத்தில் 'பிஎம்பிஓ' (கண நேர உச்சத்துக்குச் சொல்கிற வாட்ஸ்) என்று போட்டு நூற்றுக்கணக்கில் ஒட்டியிருப்பார்கள். அது விற்பதற்கு எழுதியது. அதே சோடி மாட்டுக்குப் பெரிய வண்டிலைப் பூட்டினால் நெல் கூட வருமா? மாடுதான் படுக்கும்.

இன்னும் ஒன்று. கார் ஸ்பீக்கரின் கூம்பு பாரமானது, ஓரம் தடித்த றப்பர். அதை அசைக்கவே பலம் வேண்டும். உங்கள் பழைய செற்றின் காகிதக் கூம்பு இலேசானது, மூன்று வாட்ஸ்சுக்கே துள்ளும். ஒரு வாட் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி வைத்து அளக்கும்போது எத்தனை டெசிபெல் (சத்தத்தின் அளவு) வருகிறது என்பதுதான் ஸ்பீக்கரின் கெட்டித்தனம். அதில் 3 டெசிபெல் குறைந்த ஸ்பீக்கரைப் போட்டால், உங்கள் அம்பிளிபயரில் பாதியைக் கழற்றி ஆற்றுக்குள் எறிந்ததற்குச் சமம். காதுக்கு 'இரட்டைச் சத்தம்' என்று படவேண்டுமென்றால் கிட்டத்தட்டப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். மூன்று வாட்ஸ் செற்றுக்கு முப்பது வாட்ஸ் எங்கேயிருந்து வரும்?

அடுத்தது ஓம் கணக்கு. "எத்தனை ஓம் ஸ்பீக்கர் தம்பி பூட்டினது?" என்று கேட்டால் "ஓம் ஓம்" என்கிறார்கள். நாலு ஓம் இரண்டைச் சமாந்தரமாகப் பூட்டினால் இரண்டு ஓம். ஐசி இழுக்கவேண்டிய மின்னோட்டம் இரட்டிப்பாகும், சூடாகும், வேகும். பழைய ஸ்பீக்கரின் முதுகில் எந்த ஓம் எழுதியிருக்கிறதோ அதையே தேடுங்கள். கூடினாலும் பரவாயில்லை, கொஞ்சம் சத்தம் குறையும், அவ்வளவுதான். குறைய மட்டும் விடாதீர்கள். மீற்றரில் பார்த்தால் 4 ஓம் ஸ்பீக்கர் மூன்றரை அளவில் காட்டும். அதைப் பார்த்துவிட்டுப் பழுது என்று எறிந்தவரும் உண்டு.

சரி, சத்தம் குறைந்தால் என்னதான் செய்வது? கையில் ஸ்குரூ டிரைவரை எடுக்காமல் காதால் தேடுங்கள். ரேடியோவைப் போடுங்கள், பிறகு கசெற்றைப் போடுங்கள். ரேடியோ நன்றாகக் கேட்டுக் கசெற் மட்டும் மங்கினால் பழுது கசெற் பக்கம்: ஹெட் (ரேப்பை வாசிக்கிற முனை), ரெக்கோட் சுவிச், அல்லது அந்தக் கசெற்றே. இரண்டும் குறைவென்றால் வொல்யூம், அம்பிளிபயர், மின்சாரம். கரண்டில் நன்றாகக் கேட்டுப் பற்றரியில் குறைந்தால் பற்றரிப் பெட்டிக் கம்பிச் சுருள்களைப் பாருங்கள், பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். ஹெட்போனில் நன்றாகக் கேட்டு ஸ்பீக்கரில் குறைந்தால் பெரும்பாலும் ஹெட்போன் ஓட்டைதான் குற்றவாளி. ஹெட்போனைச் செருகும்போது ஸ்பீக்கரைத் துண்டிக்கிற சின்னத் தகடு அதற்குள் இருக்கிறது. அது களிம்பேறினால் ஸ்பீக்கருக்குப் பாதிதான் போகும். பிளக்கை இருபது தரம் செருகி எடுங்கள். பாதிப் பேருக்கு அதோடு சரிவரும். எனக்குத் தரவேண்டிய காசு உங்களுக்கு மிச்சம்.

ஒரு பக்கம் மட்டும் குறைவா? முதலில் 'பலன்ஸ்' குமிழ் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். சிரிக்கவேண்டாம், அதற்காகவே வாழைச்சேனையிலிருந்து பஸ் ஏறி வந்தவர் இருக்கிறார். குமிழ் சரியென்றால், செற்றை நிறுத்தி இடது வலது ஸ்பீக்கர் வயரை மாற்றிப் பூட்டிப் பாருங்கள். குறைவு ஸ்பீக்கரோடு போனால் ஸ்பீக்கர் பழுது, பக்கத்தோடு நின்றால் செற்றுக்குள் பழுது. வயரைச் செற்றின் இரும்பில் படவிடாதீர்கள். சில செற்றில் ஸ்பீக்கரின் இரண்டு காலும் உயிர்க்கால்தான், பட்டால் ஐசி போகும்.

இனி அந்த ரெக்கோட் சுவிச். செற்றுக்குள் விரல் நீளத்தில் ஒரு வழுக்குச் சுவிச் இருக்கும். ரெக்கோட் கட்டையை அமத்தினால் அது நகர்ந்து அத்தனை தொடுப்புகளையும் ஒரேயடியாக மாற்றும், விட்டால் ஸ்பிறிங் இழுத்துப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். வருடக்கணக்காக யாரும் ரெக்கோட் பண்ணுவதில்லை. சுவிச் அசைவதில்லை. மட்டக்களப்பில் நமக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடியில் வீட்டு யன்னல் கம்பியையே தின்கிற உப்புக்காற்று, அந்த வெள்ளித் தொடுப்பை விடுமா? அது கறுத்துப்போகும். சத்தம் குறையும், ஒரு பக்கம் போய் வரும், இரையும், சிலவேளை ரேடியோவும் சேர்ந்து மங்கும். மாரி முடிந்து தை, மாசியில் என் மேசையில் வரிசையாக நிற்பவை எல்லாம் இந்தக் கேஸ்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம். பிளக்கைக் கழற்றி, பற்றரியை எடுத்துவிட்டு, கசெற் கதவைத் திறங்கள். உள்ளே பின்பக்கம் இடது மூலையில் ஒரு சின்ன நெம்பு இருக்கும். அதை விரலால் மெல்லத் தள்ளிப் பிடித்தால்தான் கசெற் இல்லாமல் ரெக்கோட் கட்டை அமரும். முப்பது தரம் அமத்தி விடுங்கள். வொல்யூம் குமிழையும் இந்தத் தொங்கலிலிருந்து அந்தத் தொங்கல் வரை முப்பது தரம் திருப்புங்கள். ரேடியோ, கசெற் மாற்றுகிற சுவிச்சையும் மறக்கவேண்டாம். இதிலேயே சத்தம் கொஞ்சம் கூடினால் பழுது எது என்று தெரிந்துவிட்டது. பிறகு திறந்து கொண்டாக்ட் கிளீனர் (தொடுப்புகளைக் கழுவுகிற ஸ்பிறே) அடிப்பதா, எங்களிடம் கொண்டுவருவதா என்பது உங்கள் கைத்திறமை.

அடிப்பது கொண்டாக்ட் கிளீனராக மட்டும் இருக்கட்டும். தேங்காய் எண்ணெய் விட்டவர், தையல் மெசின் எண்ணெய் விட்டவர், எல்லோரையும் பார்த்துவிட்டேன். எண்ணெய் தூசியைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளும், ஆறு மாதத்தில் சேறாகும். டபிள்யூடி-40 அடித்தேன் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அது 1953இல் அமெரிக்காவில், தண்ணீரை விலக்கித் துருவைத் தடுக்கச் செய்த சாமான். பெயருக்கே தண்ணீர் விலக்கி, 40ஆவது முயற்சி என்றுதான் பொருள். சைக்கிள் செயினுக்கு, துருப்பிடித்த ஆணிக்கு அருமையானது. வொல்யூமுக்குள் போனால் உள்ளே இருக்கிற கிறீசைக் கழுவிவிட்டு ஒரு படலத்தை விட்டுப்போகும். சாமானில் பிழை இல்லை, அடித்த இடம்தான் பிழை.

ஹெட்டுக்கு 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அல்கஹோல், காதுக்குடம்பிப் பஞ்சு. மண்ணிறமாக ஊத்தை வருவது நிற்கும்வரை துடையுங்கள். கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சிய கை கழுவும் சனிடைசர் வேண்டாம். அதில் கிளிசரினும் தண்ணீரும் இருக்கிறது. பசையாகி ரேப்பைச் சுற்றிக்கொள்ளும்.

கசெற்றையும் சந்தேகப்படுங்கள். அதன் வாயில் ஒரு சின்னக் கம்பளித் துண்டு, ரேப்பை ஹெட்டோடு அமத்திப் பிடிக்கும். பழசானால் பசை விட்டு விழுந்துவிடும். பிறகு எந்தச் செற்றில் போட்டாலும் அந்தக் கசெற் தூரத்தில் பாடுகிற மாதிரித்தான் கேட்கும். இன்னொரு கசெற்றைப் போட்டுப் பார்த்தால் விளங்கும். கம்பளியை வேறு கசெற்றிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

இங்கே ஒரு கெஞ்சல். உங்கள் அப்பாவின் குரல், ஊர்க் கோயிலில் பதிந்த வடமோடிக் கூத்து, கண்ணகை அம்மன் குளிர்த்தி, இப்படி ஒன்றே ஒன்றாக இருக்கிற கசெற்றைப் போட்டுச் செற்றைச் சோதிக்காதீர்கள். ரெக்கோட் சுவிச் இறுகியிருக்கிற செற் அழித்தாலும் அழிக்கும். முதலில் கசெற்றின் முதுகில் இருக்கிற இரண்டு சின்னப் பிளாஸ்ரிக் காதையும் உடையுங்கள், தவறியும் ரெக்கோட் கட்டை அமராது; ஆனால் இறுகிய சுவிச்சை அது தடுக்காது. சோதிப்பதற்கு வீதியில் எறிகிற கசெற் போதும்.

கபாசிற்றர் (மின்னைத் தேக்குகிற சின்னக் குப்பி) வற்றியது, ஐசி களைத்தது எல்லாம் உண்டுதான். சத்தம் மெலிந்து, அடித்தாளம் இல்லாமல் தகரம் மாதிரிக் கேட்டால் ஸ்பீக்கருக்குப் போகிற கபாசிற்றரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் ஐசியை 'எதற்கும் மாத்திப் பாப்பம்' என்று மாற்றச் சொல்லாதீர்கள். பழைய இலக்கம் அடித்த போலி ஐசிகள் சந்தையில் நிறைய. நல்லதைக் கழற்றிவிட்டுப் போலியைப் போட்ட கேஸ் எனக்கு வாரம் ஒன்று.

பின்பக்கம் இருக்கிற வோல்ற் சுவிச்சில் கை வைக்காதீர்கள். சவுதியில் அந்த நாளில் 127 வோல்ற்றும் இருந்தது, 220உம் இருந்தது. அதனால் செற்றில் 110, 127, 220, 240 என்று போட்டிருப்பார்கள். நம் வீட்டில் 230. 'குறைத்து வெச்சா சத்தம் கூடும்' என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நம்பி 110க்குத் தள்ளிய பையனின் செற்றிலிருந்து புகைதான் வந்தது. மூடியைத் திறக்குமுன் பிளக்கைக் கழற்றுங்கள். சுவிச்சை நிறுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள், டிரான்ஸ்போமர் வரை 230 வந்து நிற்கும். உள்ளே குளவிக்கூடு இருந்தால் தண்ணீர் ஊற்றாமல் ஈர்க்கில் குச்சியால் தட்டி எடுங்கள். செற்றைத் தூக்கி வைக்கும்போது பற்றரியைக் கழற்றி வையுங்கள், இதை நான் எத்தனை தரம் சொல்வது!

ஏறாவூர் காக்காவின் செற் இன்னும் என் கடையில்தான் நிற்கிறது. பழைய ஸ்பீக்கர் சோடியை மகன் குப்பைக்குள் போட்டுவிட்டானாம். 16 சென்ரிமீற்றர், 4 ஓம், காகிதக் கூம்பு. உங்கள் வீட்டுப் பரணில் உடைந்த செற் எதுவும் கிடந்தால், பழைய இரும்பு வாங்க வருகிறவருக்குக் கொடுக்குமுன் எனக்கு ஒரு சொல் சொல்லுங்கள்.