'தொடக்கக் கட்டமைப்பு' வேண்டாம்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் நெட்வொர்க் வகுப்புகளில் சுற்றுக்கு வரும் தமிழ்க் குறிப்புகளில், ஸ்டார்ட்அப் கான்ஃபிக் (கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்ச் எப்படி இயங்க வேண்டும் என்று அதில் சேமித்து வைத்த கோப்பு) என்பதற்குத் 'தொடக்கக் கட்டமைப்பு' என்றே எழுதி வைத்திருக்கிறார்கள். அண்மையில் பார்த்த ஒன்றில் இப்படி ஒரு வரி: "சுவிட்ச் தொடங்கும்போது தொடக்கக் கட்டமைப்பைத் தொடங்கும்." ஒரே வரியில் மூன்று தொடக்கம். எது எதைத் தொடங்குகிறது என்று படிக்கிற பிள்ளைக்கு எப்படிப் புரியும்?

முதலில் பூட், மின்சாரம் வந்ததும் கருவி எழுவதற்கான சொல். பூட்ஸின் பின்புறம் இழுத்து மாட்டுவதற்கு இருக்கும் வார்தான் பூட்ஸ்ட்ராப். அந்த வாரைப் பிடித்துத் தன்னைத்தானே மேலே தூக்கிக்கொள்வது, நடக்காத காரியத்துக்கு 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் வழங்கிய தொடர். 1950களில் கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். பிறகு பூட் என்று சுருங்கியது. ஒரு சிறு நிரல் தன்னைவிடப் பெரிய நிரலை நினைவகத்தில் ஏற்றுகிறது என்பதே பொருள். ஆகவே 'தன்னேற்றம்' என்பேன். பேச்சில் பூட் என்றே சொன்னாலும் சரி. 'தொடக்கம்' மட்டும் வேண்டாம், ஏனென்றால் அந்தச் சொல் இன்னொன்றுக்குத் தேவைப்படுகிறது.

சிஸ்கோ கேட்டலிஸ்ட் சுவிட்சுக்கு மின்சாரம் கொடுத்ததும், பூட் லோடர் என்ற அந்தச் சிறு நிரல் வன்பொருளைச் சோதிக்கும், ஃபிளாஷ் நினைவகத்தைத் தயார் செய்யும், ஐஓஎஸ் என்ற சிஸ்கோவின் இயக்க மென்பொருள் கோப்பைத் தேடி ஏற்றும். எந்தக் கோப்பு என்பதை 'பூட் சிஸ்டம்' கட்டளையால் நாமே குறித்து வைக்கலாம். இதுவரை தன்னேற்றம். அப்புறம்தான், ஏறிய ஐஓஎஸ், சேமித்து வைத்த ஸ்டார்ட்அப் கான்ஃபிக்கைப் படித்து ரன்னிங் கான்ஃபிக்காக, அதாவது அந்த நேரம் நடப்பில் இருப்பதாக, நினைவகத்தில் வைக்கும். மேட்டூரில் தண்ணீர் திறப்பது வேறு, கல்லணையில் அதைக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் கல்லணைக் கால்வாய்க்கும் பிரித்து விடுவது வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் நம் பக்கத்து விவசாயி யாரும் சொல்வதில்லை. ஐஓஎஸ் கோப்பு கிடைக்காமல் சுவிட்ச் பூட் லோடரிலேயே நிற்பதும், கோப்பு ஏறியும் நாம் கொடுத்த கான்ஃபிக் எதுவும் இல்லாமல் வெறுமையாக எழுவதும் வெவ்வேறு கோளாறுகள். இரண்டுக்கும் "தொடக்கப் பிழை" என்று எழுதினால், எதைச் சரிசெய்வது?

இனி என் பெரிய சண்டை 'கட்டமைப்பு' என்ற சொல்லோடு. பாலம், சாலை, கட்டடம், கட்சியின் கிளைகள் இவற்றுக்கெல்லாம் கட்டமைப்பு பொருந்தும். கட்டி எழுப்பியது அது. கேபிள், ரேக், சுவிட்ச் எல்லாம் சேர்ந்தது நெட்வொர்க் கட்டமைப்பு. கான்ஃபிக்குக்கும் அதையே வைத்தால், "கட்டமைப்பை மாற்று" என்ற வரியைப் படிக்கும் மாணவர் "கேபிளையா சார் மாத்தணும்?" என்று கேட்கத்தான் செய்வார். அவர் மேல் தப்பில்லை. தமிழ் அறிந்தவர் அப்படித்தான் படிக்க வேண்டும்.

'அமைப்பு' போதுமே என்பார்கள். போதாது. சிஸ்டம் என்பதற்கும் அமைப்பு, சங்கத்துக்கும் அமைப்பு, போனில் செட்டிங்ஸ் என்பதற்கும் 'அமைப்புகள்'. ஏற்கெனவே சுமை அதிகம். 'அமைவு' அப்படியல்ல. அமைத்தது அமைப்பு, அமைந்தது அமைவு. இணைப்பு, இணைவு போல. சுவிட்ச் எந்த நிலையில் அமைந்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்த கோப்புக்குத் தன்வினையிலிருந்து பிறந்த சொல்லே பொருத்தம். 'அமைவடிவம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அதுவும் தெளிவான சொல்தான், ஆவணத்தில் இருக்கலாம், வாயில் சற்று நீளம். ஸ்டார்ட்அப் கான்ஃபிக் 'தொடக்க அமைவு', ரன்னிங் கான்ஃபிக் 'நடப்பு அமைவு'. நடப்பு ஆண்டு, நடப்புக் கணக்கு என்று எல்லோரும் சொல்வதால் விளக்கவே வேண்டாம்.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. நடப்பு அமைவு மின்சாரம் போனால் அழியும், தொடக்க அமைவு நிற்கும். 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் டெல்டா ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்படி ஒரு மின்தடை முடிந்து சுவிட்ச் எழும்போது, நடப்பு அமைவில் செய்து சேமிக்காமல் விட்ட மாற்றம் திரும்பி வராது. இரண்டையும் 'கட்டமைப்பு' என்றே சொல்லிக் கொடுத்தால், எது போகும் எது நிற்கும் என்பது மாணவர் மனத்தில் பதியாது.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு தடவையாவது சுவிட்சை அணைத்துப் போட்டு, கன்சோலில் ஓடும் வரிகளைப் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார்கள். கட்டளைகளை யாரும் தமிழாக்க வேண்டாம், தட்டச்சு செய்வது ஆங்கிலத்தில்தான். அதன் பக்கத்தில் எழுதும் விளக்கத்தைத் திருத்துங்கள். 'ரைட் மெமரி' என்ற கட்டளைக்கு எதிரே "கட்டமைப்பை எழுது" என்று இருப்பதை அடித்துவிட்டு, "நடப்பு அமைவைத் தொடக்க அமைவாகச் சேமி" என்று எழுதுங்கள்.